கதாநாயகன் சட்டைப் பையில் லைட்டர்

"இவன் லைசென்ச கேன்சல் பண்ணணும்."

அடுப்படி வாசலில் நின்று சொன்னார் என் கணவர் தங்கராஜ். கம்பெனியிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கண்ணாடி மூக்கு நுனியில் இருந்தது. கையில் போன்.

நான் தரையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "எவன் லைசென்ச?" என்றேன்.

"உன் ஆளுதான். ருத்ரவேல்."

நறுக்கிய வெண்டைக்காயெல்லாம் தட்டுக்கு வெளியே போய் விழுந்தது. என் கணவர் பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். ருத்ரவேலும் பட்டாசுக் கம்பெனி முதலாளிதான். ஆனால் ருத்ரவேல் என்று உலகத்தில் யாரும் கிடையாது. ஆறடி இரண்டங்குலம், சிவந்த கண், சிரிக்கத் தெரியாத வாய் என்று தலை முதல் கால் வரை அவனைச் செய்தவள் நான். ஷ்ருதன்யா என்ற புனைபெயரில் ஒரு செல்போன் ஆப்பில் நான் எழுதிக்கொண்டிருந்த தொடர்கதையின் நாயகன். வீட்டில் யாரும் படிப்பதில்லை என்ற ஒரே தைரியத்தில்தான் அவனை அவ்வளவு மோசமானவனாக எழுதி வைத்திருந்தேன்.

"நீங்க படிச்சீகளா?" என்றேன்.

"முப்பத்தெட்டாவது எபி வரைக்கும் வந்திருக்கேன்."

எபிசோடை 'எபி' என்று சுருக்குவது எங்கள் வாசகிகளின் பாஷை. அது என் கணவர் வாயிலிருந்து வந்தது எனக்குப் பெரிய அதிர்ச்சி. இருபத்திரண்டாவது எபியைப் பற்றி ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று காதெல்லாம் சூடாகிவிட்டது. அதில் என்ன இருக்கிறது என்று இங்கே சொல்லப்போவதில்லை. இந்தப் பத்திரிகையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ருத்ரவேல் அந்தப் பெண்ணைக் கடத்தியதைப் பற்றிக் கேட்கவில்லை. முதல் எபியிலேயே கட்டாயத் தாலி கட்டியதைப் பற்றியும் மூச்சு விடவில்லை.

"வெடிமருந்து ரூமுக்குள்ள அந்தப் பிள்ளையப் போட்டுப் பூட்டுறான். மருந்து ரூமுக்கு எதுக்குப் பூட்டு? வேலை நேரத்துல கதவு தொறந்துதான் கெடக்கணும்."

"கடத்திட்டு வந்தவன் பூட்டாம என்ன செய்வான்?"

"ஆபீஸ் ரூம்ல பூட்டட்டும். யாரு வேணாங்கா? அப்புறம் அது பட்டுச் சேலை கட்டிருக்கு. பருத்திதான் கட்டணும். பட்டும் நைலானும் உரசினாலே பொறி வரும். அப்புறம் அந்த மழை சீன். மின்னல் வெட்டுது, ரெண்டு பேரும் ஷெட்டுக்குள்ள நின்னு கண்ணும் கண்ணும் பாக்காக. மின்னல் வெட்டினா ஒரு ஆள் ஷெட்டுக்குள்ள இருக்கக்கூடாது எஸ்தரு. மொத ஆளா அவன்தான் வெளியேத்தணும்."

இருபது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. கடைசியாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதெல்லாங்கூடப் போகட்டும். அந்த லைட்டர எதுக்கு எழுதின?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கால் கழுவப் போய்விட்டார்.

நல்லவனை யாரும் படிக்கவில்லை

நான் ஷ்ருதன்யா ஆன கதையைச் சொல்லிவிடுகிறேன். சிவகாசி பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் நான். அப்பா சர்ச்சில் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் வரிசையில் உட்கார்ந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடமெல்லாம் மூடிக்கிடந்த நோய்க் காலத்தில், சும்மா இருக்க முடியாமல் ஆப்பில் ஒரு குடும்பக் கதை எழுத ஆரம்பித்தேன். அதில் நாயகன் ரொம்ப நல்லவன். மனைவிக்குப் பாத்திரம் விளக்கிக் கொடுப்பான். பேசுவதற்கு முன் அனுமதி கேட்பான்.

அந்தக் கதைக்குப் பதினொரு வாசகர்கள். அதில் மூன்று பேர் வேறு வேறு பெயரில் நானே.

ஒருநாள் ஏதோ கோபத்தில், அந்த நல்லவனைக் கதவை அறைந்து சாத்த வைத்தேன். "நீ எனக்கு மட்டும்தான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்ல வைத்தேன். சாயங்காலத்துக்குள் இருநூறு பேர் வந்துவிட்டார்கள். துபாயிலிருந்து ஒருத்தி, சிங்கப்பூரிலிருந்து ஒருத்தி, அறந்தாங்கியிலிருந்து ஒருத்தி. எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: அடுத்த எபி எப்போ?

அன்றைக்கு எனக்குத் தொழில் புரிந்துவிட்டது. இந்த மாதிரிக் கதைக்கு டார்க் ரொமான்ஸ் என்று பெயர், நாயகனை ஆன்ட்டி ஹீரோ என்பார்கள் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டதுதான். கெட்டவன் வேண்டும். ஆனால் அவளுக்கு மட்டும் அவன் கடைசியில் உருக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் நாற்பது எபி ஓட்ட வேண்டும்.

பிரச்சினை என்னவென்றால் எனக்குக் கெட்ட ஆண்களைத் தெரியாது. அப்பா எறும்புக்கு வழிவிட்டு நடப்பவர். கணவரோ நாற்காலியில் பூனை படுத்திருந்தால் நின்றுகொண்டே காபி குடிப்பவர். முரட்டுத்தனத்துக்கு எங்கே போவேன்? கடைசியில் பள்ளிக்கூடத்திலேயே கிடைத்தது. எங்கள் தலைமையாசிரியை மெர்சி டீச்சர். லேட்டாக வருகிறவரை அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். கைக்கடிகாரத்தை ஒரு தடவை பார்ப்பார், பிறகு நம்மை ஒரு தடவை பார்ப்பார். அந்தப் பார்வையை அப்படியே எடுத்து ருத்ரவேலுக்கு வைத்தேன். 'ஐயோ சிஸ், அவன் பார்வையிலேயே செத்துட்டேன்' என்று வாசகிகள் உருகினார்கள். மெர்சி டீச்சருக்கு வயது ஐம்பத்தேழு. அவருடைய பார்வைக்குத் துபாய் வரைக்கும் ரசிகைகள் இருப்பது இன்று வரை அவருக்குத் தெரியாது.

பரீட்சைத்தாள் கட்டுக்குப் பின்னால் போனை ஒளித்து வைத்து, ஸ்டாஃப் ரூமில்தான் பெரும்பாலும் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபை ஐயர் "இருளின் கிரியைகளைத் தள்ளிவிட்டு" என்று பிரசங்கத்தில் சொல்லும்போதெல்லாம் என்னைத்தான் சொல்கிறார் என்று குனிந்துகொள்வேன். திங்கட்கிழமை காலையில் அடுத்த எபி போட்டுவிடுவேன்.

கடைசி ஃபாரம்

ஆப்பில் எழுதினால் ஆயிரம் பேர் படிப்பார்கள், ஆனால் கையில் ஒன்றும் இருக்காது. புத்தகமாகப் பார்க்கிற ஆசை வந்துவிட்டது. எந்தப் பதிப்பகம் இதைப் போடும்? நானே போட்டேன். சிவகாசியில் இருந்துகொண்டு அச்சுக்கு அலைந்தேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

குருசாமி அண்ணாச்சியின் அச்சகத்தில் கேலண்டரும் பட்டாசு லேபிளும்தான் ஓடும். "என் சிநேகிதி ஒருத்தி எழுதினது அண்ணாச்சி" என்று சொல்லித்தான் கொடுத்தேன். "சரி டீச்சர், அட்டைக்கு எந்தப் படம்? லட்சுமியா, வேளாங்கண்ணி மாதாவா?" என்று பழக்கத்தில் கேட்டார். நான் தயாராக வைத்திருந்த படத்தை நீட்டினேன். சட்டை பட்டன் போடாத ஒரு ஆண், முகம் பாதி இருட்டில். அண்ணாச்சி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பனியில நின்னா சளி பிடிச்சிரும் இந்தாளுக்கு" என்று சொல்லி உள்ளே கொடுத்தனுப்பினார்.

புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாகத்தான் அடிப்பார்கள். ஒரு தாளில் வரும் அந்தப் பதினாறு பக்கத்துக்கு ஃபாரம் என்று பெயர். எனக்கு மொத்தம் பன்னிரண்டு ஃபாரம். எழுத எழுதக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பதினொன்று ஓடி முடிந்து, மடித்து அடுக்கி வைத்தாகிவிட்டது. லைட்டர் வரும் இடம் பத்தாவது ஃபாரத்தில். கடைசி ஃபாரம் மட்டும் பாக்கி, கதையின் முடிவு.

"ஆடிப் பதினெட்டுக்குள்ள குடுத்துருங்க டீச்சர்" என்றிருந்தார் அண்ணாச்சி. ஆடிப் பதினெட்டுக்குத்தான் சிவகாசியில் அடுத்த வருடத்துக் கேலண்டர் மாதிரிகளை வெளியிடுவார்கள். அன்றிலிருந்து ஆர்டர் குவியும். "அதுக்கப்புறம் என் மிஷின் சாமிக்குத்தான். உங்க ஆளு தை மாசம் வரைக்கும் சட்டையத் தொறந்துக்கிட்டு நிக்க வேண்டியதுதான்."

எனக்கு அது ஒரு கவலையாகவே தெரியவில்லை. முடிவு தயாராக இருந்தது. ருத்ரவேல் மன்னிப்புக் கேட்பான், மழை பெய்யும், அவள் ஓடி வந்து அணைத்துக்கொள்வாள். ஒரு மத்தியானம் போதும்.

ஒருத்தி இல்லை, ஒரு பஸ்

ஆனால் அந்த மத்தியானம் வரவேயில்லை. ஏனென்றால் முத்துமாரி படிப்பதை நிறுத்திவிட்டாள்.

முத்துமாரி என் முதல் முந்நூறு வாசகிகளில் ஒருத்தி. தாயில்பட்டிக்காரி, பட்டாசுக் கம்பெனியில் வேலை. அவளைப் பற்றி அவ்வளவுதான் தெரியும். முகப்புப் படத்தில் சூரியகாந்திப் பூ வைத்திருந்தாள். ஒவ்வொரு எபிக்கும் காலை ஏழே முக்காலுக்கு அவளிடமிருந்து கமென்ட் வந்துவிடும். 'அக்கா, அவன் இன்னைக்கு அவளுக்குத் தண்ணி குடுத்தான்ல, அங்கன பேச்சியம்மா அழுதுட்டா.' 'அக்கா, இன்னைக்கு எபி சின்னதா இருக்கு, விளக்கு ரோடு வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.'

நான் ஒருமுறை கேட்டேன், பேச்சியம்மா யார், விளக்கு ரோட்டுக்கும் கதைக்கும் என்ன சம்பந்தம் என்று. பதில் வந்தது: 'அக்கா, படிக்கிறது நான் ஒருத்தி இல்ல, ஒரு பஸ்ஸு. கம்பெனி பஸ்ஸுல நான் சத்தமா வாசிப்பேன், நாப்பது பேரு கேப்பாக. விளக்கு ரோடு தாண்டினா கம்பெனி கேட்டுதான். அங்கன போன வாங்கி வச்சிருவாக, அதுக்குள்ள முடிக்கணும்.'

அன்றிலிருந்து நான் எழுதியதெல்லாம் அந்த பஸ்ஸுக்காகத்தான். ஆப் அவளை ஒரு வாசகி என்று எண்ணியது. எனக்கு அவள் நாற்பது. ஒரு எபி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதை அந்த பஸ் போகிற தூரத்தை வைத்துத்தான் முடிவு செய்தேன்.

முப்பத்தைந்தாவது எபியில் ருத்ரவேல் மருந்து கலக்கும் அறை வாசலில் நிற்கிறான். அவள் அவனோடு பேச மறுக்கிறாள். சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்து, 'க்ளிக்' என்று பற்ற வைத்து, "சரின்னு சொல்லு. இல்லன்னா ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்" என்கிறான். எழுதும்போது எனக்கே புல்லரித்தது. ஆப்பில் தீ படமாகப் போட்டுத் தள்ளினார்கள். 'செம மாஸ் சிஸ்' என்று சிங்கப்பூர் எழுதினாள்.

ஏழே முக்கால் ஆயிற்று, எட்டு ஆயிற்று. சூரியகாந்தியைக் காணோம். அடுத்த எபிக்கும் இல்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. ஆயிரம் பேர் இருக்கிறார்கள், ஒருத்தி போனால் என்ன என்று நினைக்கப் பார்த்தேன். போனது ஒருத்தி இல்லையே.

முன் சீட்டுக்காரர்

கால் கழுவிவிட்டு வந்த என் கணவருக்குக் காபி கொடுத்தேன். வழக்கம்போலப் பூனைக்கு நாற்காலியை விட்டுவிட்டு நின்றுகொண்டு குடித்தார்.

"நான் எழுதுறதுன்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. வாராவாரம் பஸ்ஸுல வாசிக்கிறாள்ல முத்துமாரி. நான் முன் சீட்டுலதான இருக்கேன்."

என்னுடைய பஸ், என் கணவரின் கம்பெனி பஸ். ஏழெட்டு மாதமாக முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிற மாதிரி உட்கார்ந்து, இருபத்திரண்டாவது எபி உட்பட எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் மனிதர். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "குழம்புல உப்பு கொஞ்சம் தூக்கல்" என்பதைத் தவிர ஒன்றும் சொன்னதில்லை.

"கதையில அந்தப் பிள்ளைக்குக் கோவம் வந்தா, 'நல்லா இருங்க'ன்னு சொல்லிட்டுப் பாத்திரத்த விளக்கும். மூணாவது எபிலேயே தெரிஞ்சுபோச்சு. உலகத்துல வேற யாரு அப்படிக் கோவப்படுவா?"

"அப்ப ஏன் போன்ல படிக்கிறீக?"

"முத்துமாரி நிறுத்திட்டாள்ல. என்ன ஆச்சுன்னு தெரிய வேண்டாமா? நானே ஆப்ப எறக்கிப் படிச்சேன்."

"ஏன் நிறுத்தினா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "லைட்டர பத்த வச்சான்னு வாசிச்சா. அதோட போன மூடி மடியில வச்சிட்டா. அவ அக்கா நாலஞ்சு வருசத்துக்கு முன்ன வேற ஒரு கம்பெனியில, மருந்து செலுத்துற ரூம் வெடிச்சதுல போயிட்டா. எவனோ பீடி பத்த வச்சான்னாக, வெயில்னாக. கடைசி வரைக்கும் என்னன்னு தெரியல. அக்கா பிள்ளையையும் இவதான் வளக்கா. மூணு வாரமா பஸ்ஸே சத்தமில்லாம வருது எஸ்தரு."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. "கடத்தினப்ப எங்க போச்சு உங்க பஸ்ஸு? அதுக்கெல்லாம் அழுதாகளே. ஒரு லைட்டருக்கு இம்புட்டா?" என்று கத்தினேன். "கதைன்னா கதைதான். நல்லா இருங்க" என்று பாத்திரம் விளக்கப் போனேன். போன பிறகுதான் என்ன சொன்னேன், என்ன செய்கிறேன் என்று புரிந்தது. அவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காதது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நான் இந்த ஊர்க்காரி. வெளியூர்க்காரி எழுதியிருந்தால் தெரியாமல் எழுதினாள் என்று விட்டுவிடலாம். வகுப்பில் பாடம் நடத்தும்போது தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் பாதிப் பிள்ளைகள் எழுந்து நின்றுவிடுவார்கள். எந்தத் திசை என்று ஜன்னலைப் பார்ப்பார்கள். யாருடைய அம்மா எந்தக் கம்பெனி என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் பாடம் நடத்த மாட்டேன். ஆபீஸ் ரூமுக்கு போன் வரும் வரை எல்லோரும் சேர்ந்து காத்திருப்போம். அப்படிப்பட்ட நான், புல்லரிப்புக்காக அந்த வாசலில் ஒருவனை லைட்டரோடு நிற்க வைத்திருக்கிறேன். அதுவும் ரசிக்கும்படியாக. எனக்கு அவமானமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

ஆப்பில் அந்த எபியை அழித்துவிடலாம். ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். ஆனால் பத்தாவது ஃபாரம் அடித்தாகிவிட்டது. லைட்டர் புத்தகத்தில் ஏறிவிட்டது. என் கையில் இருந்தது கடைசிப் பதினாறு பக்கம் மட்டும். மழையில் கட்டிப்பிடிக்கிற அந்த முடிவை முத்துமாரிக்கு வாசிக்கக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

விசாரணை

இரண்டாம் சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது, பட்டாசுக் கம்பெனிக்கு உண்டு. வெம்பக்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறேன் என்று டிரைவரிடம் சொல்லி, கணவரோடு கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டேன். என் கணவர் முன் சீட்டில் உட்கார்ந்து உடனே கண்ணை மூடிக்கொண்டார். "போர்மேன் சாரு வீட்டு டீச்சரா? வாங்க, இங்கன உக்காருங்க" என்று இடம் கொடுத்தவளின் மடியில் தூக்குவாளி இருந்தது. நகக் கண்களில் வெள்ளி நிறத்தில் மருந்துத் தூள். அவளிடம் பேர் கேட்டேன். முத்துமாரி என்றாள். என் வாசகியை முதல் முறை நேரில் பார்த்தேன்.

"பஸ்ஸுல கதை வாசிப்பீகளாமே? நானும் அந்தக் கதை படிக்கேன்" என்று ஆரம்பித்தேன்.

"அதை நிறுத்தியாச்சு டீச்சர்."

"ஏன், நல்லாத்தான போச்சு?" அந்த நேரத்திலும் ஒரு பாராட்டு கிடைக்குமா என்று நாக்கு நீண்டது.

"கதை நல்லாத்தான் போச்சு. கடத்தினான், சரி. கட்டாயத் தாலி கட்டினான், சரி. நெசத்துல எவன் டீச்சர் ஆறடியில வந்து நம்மளக் கடத்தப் போறான்? எங்க வீட்டுக்காரரு பஸ் ஸ்டாப்புல கொண்டு விடணும்னா வண்டிய எடுக்கவே பத்து தடவ சொல்லணும்." சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அதெல்லாம் கதை. லைட்டர் கதையில்ல டீச்சர்."

பின் சீட்டிலிருந்து ஒரு நடுவயதுக்காரி எட்டிப் பார்த்தாள். பேச்சியம்மா அவள்தான். "அவன் கம்பெனிக்கு சீல் வைக்கணும்" என்றாள்.

"சீல் வச்சா?" என்றாள் இன்னொருத்தி. "சீசன் நேரம். அங்கன எரநூறு பேரு வேலை பாக்காக. அவுகல்லாம் எங்க போவாக?"

அந்த இருநூறு பேரையும் நான் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதியிருந்தேன். பஸ்ஸில் எல்லோரும் உண்மையாகவே கவலைப்பட்டார்கள். தீபாவளி போனஸ் என்னாகும் என்று ஒருத்தி கேட்டாள். ஒரு நிமிஷம் எனக்கே கவலையாகிவிட்டது.

"அப்ப அவன் சாகட்டும்" என்றாள் பேச்சியம்மா. "அதான் நியாயம்."

"எப்படிச் சாகடிக்கிறது? அந்தப் பிள்ளை முழுகாம இருக்குல்ல" என்று ஒரு ஆண் குரல் கேட்டது.

நாயகி கர்ப்பமாக இருப்பது முப்பத்தேழாவது எபியில்தான் வரும். பஸ்ஸில் யாரும் அதைப் படித்திருக்கவில்லை. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். நாற்பது பேரும் முன் சீட்டைப் பார்த்தார்கள். என் கணவர் மூடிய கண்ணைத் திறக்கவேயில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

"போர்மேன் சாரு..." என்று யாரோ இழுத்தார்கள். அதற்குப் பிறகு விளக்கு ரோடு வரைக்கும் சிரிப்பு அடங்கவில்லை. முத்துமாரி மட்டும் சிரிக்காமல் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அந்தப் பிள்ளை முழுகாம இருந்தா, அவன் சாக வேண்டாம்" என்றாள் முத்துமாரி. "ஆனா திருந்திட்டேன்னு வசனம் பேசக்கூடாது டீச்சர். பேச்ச நாங்க நம்ப மாட்டோம். திருந்தினா, கேட்டுல எங்களோட வந்து நிக்கட்டும்."

அவள் சொன்னது கேட்டில் இறங்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. எல்லோரும் வரிசையில் நின்றார்கள். போனை வாங்கி மரப்பெட்டியில் வைத்தார்கள். பெண்களை ஒரு பெண் காவலாளி சோதித்தாள், ஆண்களை வாட்ச்மேன். தீப்பெட்டி, பீடி, இரும்புச் சாமான் எதுவும் இருக்கக்கூடாது. கையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். ஃபோர்மேனான என் கணவரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அந்த நேரம் ஒரு கார் வந்தது. வாட்ச்மேன் சல்யூட் அடித்தார். கண்ணாடி இறங்கவில்லை. கார் நேராக உள்ளே போய்விட்டது.

பதினாறு பக்கம்

திரும்பி வரும் டவுன் பஸ்ஸிலேயே எழுத ஆரம்பித்தேன். மழையை எடுத்துவிட்டேன். ருத்ரவேல் காரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்துகிறான். இறங்கி வரிசையின் கடைசியில் போய் நிற்கிறான். முன்னால் நிற்பவர்கள் பதறி வழிவிடுகிறார்கள், அவன் நகரவில்லை. அவன் முறை வரும்போது வாட்ச்மேன் சல்யூட் அடிக்கப் போகிறார். "எல்லாரையும் பாக்குற மாதிரி பாருங்க" என்று கையைத் தூக்குகிறான். வாட்ச்மேன் அவன் சட்டைப் பையில் கையை விட்டு, ஒன்றுமில்லை என்று சொல்கிறார். அவள் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கணவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "செருப்பையும் கழட்டச் சொல்லு" என்றார். சேர்த்துக்கொண்டேன்.

ஆடி பிறந்த மறுவாரமே அண்ணாச்சியிடம் கடைசி ஃபாரம் போய்விட்டது. ஆப்பிலும் போட்டேன். சிங்கப்பூர்க்காரி கொதித்துப் போய்விட்டாள். 'சிஸ், நாற்பது எபி காத்திருந்து க்ளைமாக்ஸில் வாட்ச்மேன் வந்து அவனைத் தடவுறாரா?' துபாய்க்காரி நட்சத்திரங்களில் இரண்டைக் குறைத்துவிட்டாள். அறந்தாங்கி, 'அந்த வாட்ச்மேனுக்குத் தனிக்கதை உண்டா?' என்று கேட்டாள்.

நான் அதையெல்லாம் படித்தேன், ஆனால் மனதில் ஏறவில்லை. அன்றைக்குச் சீக்கிரமே பள்ளிக்கூடம் போய், ஸ்டாஃப் ரூமில் பரீட்சைத்தாள் கட்டுக்குப் பின்னால் போனை வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழே முக்கால் போனது. எட்டு போனது. பஸ் இந்நேரம் கேட்டை அடைந்திருக்கும், போனை வாங்கிப் பெட்டியில் வைத்திருப்பார்கள். இனி சாயங்காலம் வரை ஒன்றுமில்லை. பிரேயர் மணி அடித்தது. மெர்சி டீச்சர் வாசலில் வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எழுந்து போனேன்.

அன்று முழுக்கப் பாடத்தில் மனம் நிற்கவில்லை. அமிலத்தையும் காரத்தையும் மாற்றிச் சொன்னேன், பிள்ளைகள் திருத்தினார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்த கணவர் வழக்கம்போலக் கால் கழுவினார். "வாசிச்சாளா?" என்று கேட்டேன். "வாசிச்சா" என்றார். "அப்புறம்?" என்றேன். "கையத் தூக்கினான்னு வந்ததும் டிரைவர் வண்டிய ஓரமா நிறுத்திட்டாரு. முடிச்ச பெறகுதான் எடுத்தாரு. எல்லாருக்கும் அஞ்சு நிமிசம் லேட்டு" என்றார்.

அப்போதுதான் போனில் சூரியகாந்தி வந்தது. ஆறு மணி இருக்கும். கேட்டில் போனைத் திரும்ப வாங்கிய கையோடு, திரும்பும் பஸ்ஸில் ஆடி ஆடி அடித்து, இறங்கிய பிறகு அனுப்பியிருப்பாள். எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. எத்தனையோ மாதமாக எனக்கு 'அக்கா' என்று எழுதியவள், அன்றைக்கு இப்படி எழுதியிருந்தாள்:

'அவன மன்னிச்சாச்சு. உங்களையுந்தான் டீச்சர்.'